கொம்பு இருக்கா

எலும்பு என்றதும் முதலில் பொலிசுக்குத்தான் சொன்னார்கள்.
மறுகாத்தான் எனக்கு.

கரடியனாற்றுக்கு மேற்கே, புது வாய்க்கால் வெட்டில்
மிஹ்ளாரின் பெக்கோ நாலடி ஆழத்தில் எதையோ இடறி
வாளியை அந்தரத்தில் வைத்தபடி நின்றுவிட்டது.
செங்கலடியிலிருந்து நான் மோட்டார்சைக்கிளில் போய்ச்சேர
கயிறு கட்டியிருந்தார்கள்.
கயிற்றுக்கு அப்பால் பெண்கள்.
யாரும் யாரோடும் கதைக்கவில்லை.
வில்வராணி என்பவள்
பொலித்தீன் உறைக்குள் இருந்த படத்தை
நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"கொம்பு இருக்கா, டொக்டர்?"

பதினொரு வருடம் மாட்டு வைத்தியம்.
இப்படியொரு கேள்வியை
ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

இறங்கினேன்.
பல் விளக்கும் பிரஷால் களியை விலக்க விலக்க
ஒரு வளைவு வந்தது. பிறகு அதன் சோடி.

"இருக்கு," என்றேன். "ரெண்டும் இருக்கு."

நாற்பது பேர்
ஒரே மூச்சை வெளியே விட்டார்கள்.
வில்வராணி இருந்த இடத்திலேயே குந்திக்கொண்டாள்.

அப்போதுதான்
துவாரகன் கயிற்றுக்குக் கீழால் நுழைந்தான்.
ஒன்பது வயது, முன்பல் இல்லை.
"ட்ரைசெரடொப்ஸ்! மூண்டாவது கொம்பத் தேடுங்க,
மூக்கில இருக்கும்!"

அன்றைக்கு முதல் சிரிப்பு அதுதான்.
கொன்ஸ்டபிளும் சிரித்தார்.

அவன் நிறுத்தவில்லை.
"சொண்டு கிளியிட சொண்டு மாதிரி.
பல்லு எண்ணூறு, அடுக்கடுக்கா,
ஒண்டு தேய்ஞ்சா கீழ இருந்து அடுத்தது வரும்.
கழுத்துக்குப் பின்னால எலும்பிலயே ஒரு சுளகு.
குட்டியா இருக்கக்குள்ள கொம்பு பின்னுக்கு வளையும்,
வளந்தா முன்னுக்குத் திரும்பும்."

நான் தலையோட்டைப் புரட்டினேன்.
கழுத்தோடு பொருந்தும் இடத்தில் இரண்டு குமிழ்.
அவனுடைய மிருகத்துக்கு ஒன்றே ஒன்று,
தோடம்பழத்தைவிடப் பெரிய உருண்டை;
அவ்வளவு பாரத்தை அதன்மேல் வைத்து
எந்தப் பக்கமும் திருப்புமாம்.
இது எருமை.
சொல்ல வாய் வரவில்லை.

அமெரிக்காவில் முதன்முதல் அகப்பட்டதும்
இரண்டு கொம்பு மட்டும்தான்.
படித்த மனிதர் ஒருவர் பார்த்துவிட்டு
பெரிய காட்டெருமை என்று பெயரே வைத்துவிட்டார்.
இரண்டு வருடம் கழித்து இன்னொரு தலை
மூக்குக் கொம்போடு மண்ணிலிருந்து வந்து
அவரைத் திருத்தியது.
துவாரகன் அதே பிழையை
மறுகரையிலிருந்து விடுகிறான், அவ்வளவுதான்.
இங்கே கல் எலும்பைவிட மூத்தது.
குடும்பிமலை இறுகிய காலத்தில்
முதுகெலும்பு என்ற ஒன்றே பிறந்திருக்கவில்லை.

இடது கண்ணுக்கு மேல் பிரஷ் தட்டுப்பட்டது.
இரும்பு.
சுண்டுவிரல் நகமளவு சன்னம்,
அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து
விளிம்பு மழுங்கி, வழுவழுப்பாய்.

"அதுகளிட சுளகிலயும் ஓட்டை இருக்கு," என்றான்,
"மத்ததிட கொம்பு குத்தின ஓட்டை. ஆறியிருக்கும்."

ஆறின காயம் என்றால்
அதற்குப் பிறகும் தின்றிருக்கிறது.
தண்ணீருக்கு இறங்கியிருக்கிறது.
பன்னத்தையோ, நாணலையோ,
கிடைத்ததை அரைத்தபடி
இன்னும் பல மாரி பார்த்திருக்கிறது.
பட்டிக்காரர் எல்லாரும் ஓடிப்போன வருடங்களில்
இந்தக் கிழவி மட்டும் இங்கே நின்றிருக்கிறாள்.

படிவத்தை நிரப்பினேன்.
இனம்: எருமை. பால்: பெண்.
வயது: பதினைந்துக்கு மேல், பல் தேய்ந்தபடி.
இறப்புக்குக் காரணம்: தெரியாது.
துவாரகன் எட்டிப் பார்த்து
"எருமை" என்ற சொல்லில் கொஞ்சம் நின்றான்.
"மூக்குப் பக்கம் இன்னும் தோண்டல்லியே," என்றான்.

கயிற்றை அவிழ்த்தார்கள்.
மிஹ்ளார் பெக்கோவில் ஏறினான்.
வில்வராணி படத்தின் தூசியை முந்தானையால் துடைத்து
அவனிடம் போய்,
"நாளைக்கு எத்தின மணிக்குத் தொடங்குவீங்க?"

வாய்க்கால் இன்னும் இரண்டு கிலோமீற்றர் போகவேண்டும்.